முப்பதில் இரண்டு

ஒவ்வொரு குப்பியிலும் முப்பது.
நாளுக்கு ஒன்றாய் இருபத்தெட்டு நாள்.
இரண்டு திரும்பி வரவேண்டும்.

நீலத் தட்டில் கொட்டி, தட்டைக் கரண்டியால்
ஐந்தைந்தாய்த் தள்ளி எண்ணுவது என் வேலை.
உலான்பாத்தரின் வடக்குச் சரிவு. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கூடாரங்களுக்கு மேல் கரிப்புகை
துவைக்காத போர்வைபோல் கிடக்கிறது.

சிலர் பதினாறு கொண்டுவருவார்கள், மறந்துபோச்சு என்று.
சிலர் வெறுங்குப்பியோடு, குழந்தை கொட்டிவிட்டது என்று.
ஒருத்தி நாற்பது கொண்டுவந்தாள்.
அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.

எது மருந்து, எது வெறும் மாவு
எனக்குத் தெரியாது. டாக்டர் புரெவ்ஜாலுக்கும் தெரியாது.
தெரிந்தது சியோலில் ஒரு கணினிக்கு மட்டும்.
தெரியாமல் இருக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

பங்கேற்பாளர் நானூற்றுப் பதினேழு, கொம்போசூரன்,
டிராலிபஸ் ஓட்டுநர்.
ஏழு மாதம், ஏழு குப்பி,
ஒவ்வொன்றிலும் பிசகாமல் இரண்டு.
தேநீரில் உப்பைக் குறைத்தீர்களா என்றால்
"தேநீரில் குறைத்தேன்" என்பார்.
சூப்பைப் பற்றி நான் கேட்டதில்லை.

எட்டாம் குப்பியைக் கவிழ்த்தபோது
இரண்டு மாத்திரை விழுந்தன,
பின்னாலேயே கொஞ்சம் வெள்ளைத் தூள்.

மேலே பூச்சுள்ள மாத்திரை. தானாக உதிராது.
வெட்டினால்தான் உதிரும்.

நான் தூளைப் பார்த்தேன்.
அவர் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்தார்.

கான்ட்மா. அவர் மனைவி.
முதல் நாள் அவளும்தான் வந்தாள்.
பதினான்கு பக்க ஒப்புதலில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.
ரத்த அழுத்தம் நூற்றெழுபத்திரண்டு: தகுதி.
சிறுநீரகக் கணக்கு ஐம்பத்தெட்டு: அறுபது வேண்டும்.
மன்னிப்புக் கேட்டு
மருந்துச் சீட்டோடு அவளை அனுப்பியது நான்தான்.
சீட்டு மருந்துக்கடை வரை போகவில்லை.
அந்த மாதம் வீட்டில் கரி வாங்கியிருக்கிறார்கள்.

"ரொட்டிக் கத்தி," என்றார்.
"கோணலாய் வெட்டும். பெரிய பாதி அவளுக்கு."

மருந்தாக இருந்தால் அவள் சிறுநீரகத்துக்கு ஆபத்து,
உங்களுக்கோ அது போதாது என்றேன்.
மாவாக இருந்தால்? என்று கேட்டார்.
நான் பதில் சொல்லக் கூடாது. சொல்லவும் தெரியாது.
"மாவென்றால் இரண்டு பேரும் மாவு தின்றோம்," என்றார்,
கொஞ்சம் சிரித்து.

மறுநாள் கான்ட்மா வந்தாள். ரத்தம் எடுத்தேன்.
குழாயில் ஒட்டும் சீட்டில் எண் எழுத வேண்டும்,
அவளுக்கு எண் இல்லை.
பெயரை எழுதினேன்.
மலிவான வேறொரு மாத்திரையை டாக்டர் தன் இழுப்பறையிலிருந்து எடுத்தார்,
எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

படிவத்தில் "நெறிமுறை மீறல்" என்ற கட்டத்தில்
கத்தியையும் எழுதினேன், பெரிய பாதியையும் எழுதினேன்.
பிறகு சியோலுக்குப் போன் போட்டேன்.
நானூற்றுப் பதினேழை நீக்கிவிடுவீர்களா?

புள்ளியியல்காரி மின்-ஹா ஏதோ மென்றுகொண்டே சொன்னாள்:
நீக்க மாட்டோம்.
குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாரோ
கடைசிவரை அந்தப் பக்கம்தான்.
விழுங்கினாலும், விழுங்காவிட்டாலும்,
ஆற்றில் கொட்டினாலும்,
பாதியாக்கிப் பங்கு போட்டாலும்.
மனிதர்கள் அப்படித்தான் மருந்து சாப்பிடுவார்கள்,
அதையும் சேர்த்துத்தான் கணக்கு.

போனை வைத்த பிறகும்
அந்த வாக்கியத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
தட்டைத் துடைத்தேன். தூள்
விரல் நுனியில் ஒட்டியது, கசக்குமா என்று
பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

ஒன்பதாம் குப்பியில்
மூன்று இருந்தன.
ஒரு நாள் மறந்துவிட்டேன் என்றார்.

நம்பினேன்.