வெறும் வயிற்றில் நூற்று எண்பத்திரண்டு

இரவு எட்டுக்கு இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் பாகற்காய்.
அதற்குப் பிறகு தண்ணீர்தான், சத்தியமாக.
காலை ஆறுக்கு விரலில் குத்திப் பார்த்தால்
நூற்று எண்பத்திரண்டு.

யார் எனக்கு ஊட்டியது, நான் தூங்கும்போது?

"உங்கள் ஈரல்தான்" என்றார் டாக்டர் தேவ்தர்.
பகலில் பூட்டிவைத்த சர்க்கரையை
இராத்திரி அவிழ்த்துவிடுகிறதாம்,
உடம்பு பட்டினி கிடக்கிறதென்று பயந்து.
எந்தப் பஞ்சத்தை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாய், அசடே,
சயான் கோலிவாடாவில்
தெருவுக்கு நாலு வடாபாவ் கடை இருக்கும்போது?

அதற்குத்தான் மெட்ஃபார்மின்.
சோற்றுக்குப் பின், சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒன்று.
முதல் மாதம் வயிற்றைக் கலக்கியது,
வாயில் இரும்பு ருசித்தது.
ஆனால் கத்தாது, அடிக்காது.
கிடங்குக்காரியின் கையைப் பிடித்து
போதும், அவள் சாப்பிட்டுவிட்டாள், போதும் என்று
விடியும்வரை சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்சுலின் சாவி, உயிரணு பூட்டு என்று
டாக்டர் படம் போட்டுக் காட்டினார்.
பூட்டா?
ஐயா, நான் மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர்,
பதினேழு வருடம்.
தாதரில் ஏற முடியாமல் போவது
கதவு பூட்டியிருப்பதாலா?
முலுண்டு வரைக்கும் இறங்காதவர்கள்
வாசலிலேயே தொங்குவதால்.
நடைமேடை பிதுங்குகிறது.
பெட்டிக்குள், நடுவில், இடம் காலி.
என் ரத்தமும் அப்படித்தான்:
வெளியே அத்தனை சர்க்கரை,
உள்ளே ஒவ்வொரு அணுவும் பசியோடு போகிறது.

இரண்டாவது கிளிமிபிரைடு.
கணையத்தைப் பிழிந்து இன்சுலின் எடுக்கும்.
சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்காது.
மூன்றாவது வந்தது போன வருடம்.
சிறுநீரகம் சல்லடையில் பிடித்துத் திருப்பித் தரும் இனிப்பை
வேண்டாம், போகட்டும் என்று வழியனுப்பிவைக்கும்.
பணியாளர் கழிப்பறை பூட்டிய நாட்களில்
காசு கொடுத்துத் தின்றதைக்
காசு கொடுத்தே கழிக்கிறேன், குர்லாவில்.
எறும்புகளுக்கு என் முகவரி தெரியும்.

சங்கராந்தி அன்று சிக்னல் கோளாறு.
மதியச் சாப்பாடு மூன்று மணிவரை கைப்பையிலேயே கிடந்தது.
குர்லா தாண்டிப் பெண்கள் பெட்டியில்
டிக்கெட் இல்லாத ஒருத்தி, மடியில் எவர்சில்வர் டப்பா.
ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன்.
கோடுகள் நீந்தின.
ஜனவரியில் முதுகெல்லாம் வியர்வை.
பெயர் என்ன என்று கேட்டேன்,
என் பெயர் எனக்கு வரவில்லை.
சட்டையில் குத்தியிருந்ததைக் குனிந்து படித்தேன்:
எஸ்தர் சொர்ணம்.
யாரோ.

காலி வயிற்றுக்குக் கணையம்
பிழிந்துகொண்டே இருந்தது.

அவள் வீட்டிலும் யாருக்கோ இருக்கவேண்டும்.
ஒன்றும் கேட்கவில்லை. என்னை இழுத்து உட்கார்த்தி
டப்பாவைத் திறந்து, "தில்குள் க்யா" என்று
வாயில் திணித்தாள் ஒரு எள்ளுருண்டை.
மென்றதும் இன்னொன்று.

வித்யாவிஹார்.
காட்கோபர்.
விக்ரோலியில் கை என்னுடையதானது.
காஞ்சுர்மார்க்கில் கோடுகள் கோடுகளாக நின்றன.

எள்ளுருண்டை வாங்கிக்கொள், இனிக்கப் பேசு
என்பது இந்த ஊர் வழக்கம்.
இனிக்க இனிக்கத்தான் சொன்னேன்:
"அக்கா, அபராதம் இருநூற்று ஐம்பத்தைந்து."

அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.
"தானே வந்தபிறகு கொடுத்திருக்கணும் உனக்கு!"
எழுதிக் கொடுத்தேன்.
எழுத்து ஒன்றுகூட நடுங்கவில்லை.

இறங்கும்போது காகிதத்தில் சுற்றி
இன்னொன்று தந்துவிட்டுப் போனாள்.
கைப்பையில் இருக்கிறது அது,
மூன்று மாத்திரைப் பட்டைகளோடு ஒட்டிக்கொண்டு.
எறும்பு இன்னும் கண்டுபிடிக்கவில்லை.