ஒரு கொம்பு

ஆகஸ்ட். பென்டிக்டன் பள்ளத்தாக்கில்
ஆறாவது நாளாகப் புகை.
ஏரிக்கு அக்கரையில் மலை இல்லை.
சூரியன் உண்டு, கண் கூசாத சூரியன்,
பழுத்த பீச் நிறத்தில்.
இடையில் என்ன இருக்கிறதென்று
இப்படித்தான் தெரியவரும்,
வருகிற வெளிச்சம் எதை இழந்து வருகிறதோ
அதை வைத்து.

என் வேலையும் அதுதான்.
விண்மீன் மண்டலங்களைப் பற்றி என்றால்
லொரேனைக் கேளுங்கள், அடுத்த அறை.
நான் அவற்றுக்கு நடுவில் கிடப்பதன் ஆள்.
ஒரு படுக்கையறை அளவு இடத்தில்
ஏழெட்டு ஹைட்ரஜன் அணு.
அதற்கும் ஒரு சூடு உண்டு,
போக வேண்டிய திசை உண்டு.

பதினோரு நாள் ஓடி முடிந்தன
இரண்டு பிரபஞ்சங்கள்.
ஒரே விதை, ஒரே கணினி.
ஒன்றில் இருள் ஆற்றல் என்றைக்கும் அதே;
மற்றதில் காலத்தோடு மெல்ல இளகுவது.
வளிக்கும் வெளிக்கும் நடுவே
ஒரு கொம்பு.
அவ்வளவுதான் மாற்றினேன்.

கழித்துப் பார்த்தேன்.
திரை வெள்ளை.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். வெள்ளை.
நூற்றுக்கு ஒன்று,
பல இடங்களில் அதுவும் இல்லை.
ஒரு கருந்துளை ஏப்பம் விட்டாலே
பத்து மடங்கு வளி சிதறுகிறது.
காபியோடு எட்டிப் பார்த்த லொரேன்,
"ஒன்றுமில்லையா?" என்றாள்.
இருப்பதில் முக்கால் பங்குக்குக் கிட்ட
தானே என்று நிற்கிற ஒன்றுக்கு
கடைசியில் என்ன, கொம்பா முளைத்திருக்கிறது?
வாய்வரை வந்தது.
ஆங்கிலத்தில் அதற்கு வழியில்லை.

ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது.
பெரும்பாழ்களிலிருந்து இழைகளை நோக்கி
வளி வடிந்துகொண்டே இருக்கிறது.
இரண்டாவதில் அந்த வடிதல்
ஒரு பொடி தாமதம்.
அங்கே பாழ்
சற்றே குறைந்த பாழ்.

நான்கு மணிக்குக் கடிதம்:
வட்டில் இடமில்லை,
வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை அழிக்கவும்.

எதை?
ஒரே இடத்தில் ஒரே மண்டலம்
இரண்டிலும் பற்றி எரிகிறது.
முதலாவதை வைத்துக்கொண்டேன்,
கூடவே அந்த வெள்ளைத் திரையையும்.
இரண்டையும் கூட்டினால்
அழித்தது திரும்பி வரும்.
வித்தியாசம் எத்தனை சிறிதோ
அத்தனை குறைவாக இடம் கேட்கிறது.

வண்டிக் கண்ணாடியில் சாம்பல்.
துடைப்பானைப் போட்டதும்
இன்னும் மோசமானது.
வழியில் குர்தித்தின் தோட்டக் கடை,
பீச் கால் விலை.
புகைக்குள் நின்ற மரத்துப் பழம்தான்,
தோலை உரித்துவிட்டால் தெரியாது என்றார்.

உரித்தேன்.
தெரிந்தது.