கமிட்டிக் குறிப்பு

துரோலாக் சபைக்கு நான்தான் செயலாளர்.
வார நாளில் செம்பனை மில்லில் எடைபோடுகிறேன்.
லாரி நுழையும்போது ஓர் எடை,
காலியாய்த் திரும்பும்போது ஓர் எடை;
கழித்தால் மிஞ்சுவதுதான் பழம்.

போதகர் ரூபவதி வீட்டில்
லில்லி டீச்சர் எந்த முறையில் இருக்கிறார் என்று
பேராயருக்கு எழுதச் சொன்னார்கள்.
மைலோ ஆறி ஆடை கட்டியது.
பொருளாளர் துரைசிங்கம் மட்டும் பேசவில்லை.
படுக்கையில் புண்ணாய்க் கிடந்த அவர் மனைவியைக்
கடைசி மூன்று மாதம் குளிப்பாட்டியவை
அந்த நாலு கைகள்.

முறை என்ற சொல்லருகே
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு எழுதினேன்:
குடும்பமாக.

ஆட்சேபம் மூன்று பேர்.
அவர்கள் பெயரையும் எழுதினேன், பிழையில்லாமல்.
கையெழுத்துப் போடத்
துரைசிங்கம் என் பேனாவைக் கேட்டார்.

அடுத்தது, கூரை ஒழுகல்.