பதினான்காம் கட்டம்

இந்த நாட்டில் அந்தத் தாளுக்கு
'நட்பான அறிக்கை' என்று பெயர்.
எவோராவுக்கு வெளியே, ரவுண்டானா ஓரம்,
அவர் வேனின் விலா உள்ளொடுங்கிக் கிடக்க
என் கார் பானட்டின் மேல் அதை விரித்து
இருவருமாக நிரப்பினோம்.
நீலப் பத்தி அவருக்கு, மஞ்சள் எனக்கு.

என்னிடம் பேனா இல்லை.
அடெலினோ தன் சட்டைப் பையிலிருந்து கொடுத்தார்.
சவப்பெட்டிக் கடையின் பெயரும்
போன் நம்பரும் அச்சிட்ட பேனா.
"மச்சினன் கடைதான்," என்றார், "பயப்படாதீர்கள்."

காயம் உண்டா, லேசாகவேனும்?
'இல்லை'யில் அவரே குறியிட்டார்.
குறியிட்டுவிட்டு
இடது மணிக்கட்டை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார்.

பன்னிரண்டாம் கட்டத்தில் பதினேழு காரணங்கள்.
நின்றிருந்தது, புறப்பட்டது, பின்னால் போனது,
வழிவிடச் சொன்ன பலகையை மதிக்காதது.
மதிக்காததில் பெருக்கல் போட்டேன்.
பையிலிருந்து உருண்டு
பிரேக்குக்கு அடியில் போன எலுமிச்சம்பழத்தை
எடுக்கக் குனிந்தேன் என்பதற்குக்
கட்டம் இல்லை.
பதினான்காவதில் இடமிருந்தது: 'என் குறிப்புகள்'.
காலியாக விட்டேன்.
வெயில். பின்னால் ஹார்ன் சத்தம்.

"மன்னிப்புக் கேட்டீர்களா?"
இன்சூரன்ஸ் அலுவலகத்துப் பெனெதித்தா போனில் கேட்டார்.
கேட்டேன்.
"சரி. இனிமேல் கேட்காதீர்கள்.
அவருக்குப் போன் செய்யாதீர்கள்.
போய்ப் பார்க்கவே பார்க்காதீர்கள்."

மூன்றாம் வாரம் வக்கீல் கடிதம் வந்தது.
மணிக்கட்டில் மயிரிழை முறிவு.
அவர் கார்க் மரத்துப் பட்டை உரிப்பவர்.
கோடரிக்கு இரண்டு கையும் வேண்டும்.
ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உரித்தால்தான்
மற்ற மாதங்களுக்குச் சாப்பாடு.
ஒரு பருவத்துக் கூலி
ஆறாயிரத்து நானூறு யூரோ.

"காயமில்லை என்று அவர் கையெழுத்தே இருக்கிறதே,"
பெனெதித்தாவின் குரலில் கொஞ்சம் சந்தோஷம்.
"சம்பவ இடத்தில் வலி என்று சொன்னாரா?
ஒரு வரி எழுதி அனுப்புங்கள், போதும்."

திருப்பிக் கொடுக்காத பேனாவால்தான் எழுதினேன்.
'சொல்லவில்லை.'
அது உண்மை. ஒரு வரி.
அதற்குக் கீழே,
'சுழற்றிப் பார்த்தார். நான் பார்த்தேன்.'

மறுநாள் அழைத்தார்.
இரண்டாவது வரி தேவையில்லையாம்,
வேறு தாளில் எழுதித் தரலாமாம்,
அடுத்த வருட பிரீமியம் பற்றியும்
ஏதோ சொன்னார்.
கார்பன் நகலை எடுத்துப் பார்த்தேன்.
அவருடைய வேன் நன்றாகப் பதிந்திருக்கிறது.
நான் வரைந்த என் கார்
இருக்கிற இடமே தெரியவில்லை,
அழுத்தவில்லை போலும்.

வேறு தாள் இல்லை என்றேன்.
மேஜையில் ஒரு கட்டு இருந்தது.