அட்டவணை இரண்டு

வண்டி எண் பலகையின் ஓரத்தில் சின்னதாய் ஒரு படம்.
படத்துக்குத் தனிக் கட்டணம்.
கட்டணத்தில் நூற்றுக்கு எழுபது
படம் எதுவோ அந்தக் காரியத்துக்கு.
மசோதா இவ்வளவுதான்.
இதைச் சொல்ல எங்களுக்குப் பதினாறு பக்கம் ஆனது.

அட்டவணை ஒன்று, கட்டணங்கள்.
அட்டவணை இரண்டு, படங்கள்.
இரண்டாவதை அடித்தவள் நான்.

முதலில் ஆமை வந்தது,
நரம்பைக் கரையில் முட்டையிட ஏறுமே, அதற்காக.
பிறகு சிறுநீரகம், டயாலிசிஸ் நிதிக்கு.
அதை எப்படி வரைவதென்று
ஒரு வாரம் கோப்பு அசையவில்லை.
வரைந்து வந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
அவரைக்கொட்டை மாதிரி இருக்கே என்றார் சார்புச் செயலர்.
அப்புறம் தெருநாய்,
பார்வையற்றோர் பள்ளி,
கடல் தின்னும் குப்பங்களுக்குக் கருங்கல்.
எங்களுக்கு ஒன்றுமில்லையா என்று
மாஹேயிலிருந்து கேட்டதால் ஒரு தென்னை.
எந்தக் காரியத்துக்கென்று அவர்களும் எழுதவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

நமக்கு இந்த அதிகாரம் உண்டா
என்று சட்டத்துறை மூன்று முறை கேட்டது.
'உண்டெனக் கருதப்படுகிறது'
என்று மூன்று முறையும் அடித்தேன்.

அடிக்கும்போதெல்லாம்
உள்ளே ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது.
எண்கூட இல்லை,
எண் இருந்திருக்க வேண்டிய இடம்.

என் அண்ணன் அமலோர்
தேங்காய்த்திட்டு ஐஸ் பேக்டரியில் இரவு ஷிப்ட்.
தவளக்குப்பம் தாண்டி, விடிய இன்னும் நேரம் இருக்கையில்,
சைக்கிளின் கேரியரில் தூக்குச்சட்டியோடு.
சட்டி மட்டும் நசுங்கவில்லை.
முதல் தகவல் அறிக்கையின் ஐந்தாவது வரியில்
'அடையாளம் தெரியாத வாகனம்' என்றிருக்கும்.
ஒன்பது வருஷமாய் அதற்கு அதுதான் பெயர்.

பார்த்தவர் உண்டு.
கலிவரதன், இளநீர்க் குலை இறக்கிக்கொண்டிருந்தவர்.
வெள்ளை வண்டி சார் என்றார். பெருசு.
நம்பர்?
இருந்துச்சு சார்.
என்ன நம்பர்யா?
இருந்துச்சு.
எழுதப் படிக்கத் தெரியாது அவருக்கு.
அப்போது சிரித்த ஏட்டின் பல்வரிசை
எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.

வரிசை எண் ஒன்று, ஆமை என்று அடித்த அன்று
கை அப்படியே நின்றது.
ஓர் ஆமை இருந்திருந்தால்
அவர் சொல்லியிருப்பார்.
ஆமை சார். ஆமை போச்சு. கடலூர்ப் பக்கம்.

வரைவின் கடைசியில்
யாரும் சொல்லாத ஒரு வரி சேர்த்தேன்:
அடையாளம் தெரியாத வாகனங்களால் இறந்தோர் குடும்ப நிதி.
கூப்பிட்டார் சார்புச் செயலர்.
படம்?
வெறும் கட்டம் சார்.
கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
வெறும் கட்டத்துக்கு யாரும்மா பணம் கட்டுவா?
அடித்தார், பென்சிலால்.
பேனாவை எடுத்து
மறுபடி பைக்குள் செருகிக்கொண்டார்.

பேரவையில் ஒன்பது நிமிஷம்.
ஆம் என்போர் அதிகம், ஆம் என்போர் அதிகம்.
ஆமை ஒரே மாதத்தில் எண்ணூறைத் தாண்டியது.
தென்னை மூன்று.

நேற்று மரப்பாலம் சிக்னலில்
எனக்கு முன்னால் ஒரு வெள்ளை வண்டி. பெருசு.
ஆமை.
எண் முழுதையும் வாசித்தேன்,
பச்சை விழுந்து பின்னாலிருந்தவர் ஹாரன் அடிக்கும்வரை.
எதற்கென்று தெரியாமல் அது இன்னும் மனப்பாடமாய் இருக்கிறது.

தவளக்குப்பத்தில் வண்டியை ஓரங்கட்டினேன்.
கலிவரதனுக்கு வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது.
என்னைத் தெரிந்ததா, தெரியவில்லை.
தண்ணிக்காயா வழுக்கையா என்று மட்டும் கேட்டார்.
சீவிக்கொண்டே, ரோட்டைவிட்டுப் பார்வையை எடுக்காமல்,
நான் ஒன்றும் கேட்காமலேயே சொன்னார்:

காலையிலேருந்து ஆமை ஏழு.
நாய் ரெண்டு.
அவரைக்கொட்டை ஒண்ணு,
அது மட்டும் கடலூர்ப் பக்கம்.