எட்டாவது புள்ளி

ஹிர்ட்ஷால்ஸ் துறைமுகத்தில் நாற்பத்தோரு வருடம்
மீன் குடல் உருவியவர் டாகெ.
செதிள், டீசல், துருப்பிடித்த கொக்கி
எதுவும் அவரை ஒன்றும் செய்ததில்லை.
முழங்கால் மாற்றிக்கொள்ள எங்களிடம் வந்தவரை
நாங்கள்தான் கொல்லப் பார்த்தோம்.

முதலில் மார்பு சிவந்தது, வலையை விரித்துப் போட்டதுபோல்.
பிறகு ரத்த அழுத்தம்
படியில் உருளும் பாத்திரமாய்
தொண்ணூறு, அறுபது, நாற்பத்திரண்டு.
மயக்கப் பிரிவுச் செவிலி நான்.
எண்களை வாய்விட்டுப் படிப்பது என் வேலை.
நாற்பத்திரண்டுக்குப் பிறகு நான் படிக்கவில்லை.
அட்ரினலின். மறுபடியும் அட்ரினலின்.
கத்தி அதுவரை தோலைத் தொடவேயில்லை.

பிழைத்தார்.
முழங்கால் பழைய முழங்காலாகவே இருந்தது.

சந்தேகப் பட்டியல் எழுதினோம்:
ஆன்டிபயாட்டிக், தசைதளர்த்தி, கையுறை ரப்பர்.
கழுவியதையும் துடைத்ததையும்
ஒருவரும் எழுதவில்லை.
மேய்ந்த பயிரைப் பார்த்துவிட்டு
வேலியை யார் விசாரிப்பார்கள்?
ஜூனியர் டாக்டர் ஒருத்தி மட்டும், பெயர் ரிக்கெ,
கடைசி வரியில் பென்சிலால் சேர்த்தாள்:
குளோர்ஹெக்சிடின்.

ஆறு வாரம் கழித்து
முன்கையின் வெள்ளைப் பக்கத்தில் பேனாவால் பத்துப் புள்ளி.
புள்ளிக்கொரு சொட்டு, சொட்டுக்கொரு ஊசிக்குத்து.
முதலாவது உப்புத் தண்ணீர், பேசாது.
இரண்டாவது ஹிஸ்டமின், பேசியே ஆகவேண்டும், பேசியது.
மூன்று முதல் ஏழு வரை ஊமை.
எட்டாவது
நாலே நிமிடத்தில் பட்டாணி அளவு எழும்பி
சுற்றிலும் சிவப்பைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

மறுநாள் அவர் மனைவி இங்கெலிசெ
குளியலறை அலமாரியையே பையில் கொட்டி எடுத்து வந்தாள்.
வாய் கொப்பளிக்கும் நீலத் தண்ணீர்,
காயக் களிம்பு, பிளாஸ்திரி, கால்விரல் பவுடர்.
பொடி எழுத்துக்கடியில் நகத்தை ஓட்டி
"இதில் இருக்கிறது. இதில் இல்லை. இதிலும் இருக்கிறது."
நீலப் பாட்டிலில் நகம் நின்றது.
பல் பிடுங்கிய வாரம் இவருக்கு உதடு வீங்கியதே.
நண்டு தின்றிருப்பார் என்றாராம் பல் டாக்டர்.
"ரெண்டு வருஷமா நண்டைத் தொடலை இந்த மனுஷன்."
டாகெ சுவரைப் பார்த்தபடி சொன்னார்:
"அப்போ இன்னிக்கு ராத்திரி நண்டு."

நான் ஒன்று சொல்லவேண்டியிருந்தது.
அன்று சிறுநீர்க் குழாய் செருகியவள் நான்.
வலிக்காமலிருக்கத் தடவிய வழவழப்புக் களிம்பிலும்
அதே பெயர், ட்யூபின் பின்புறம், மடிப்புக்குள்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"வலிக்கலையே" என்றார்.

இருபத்தாறு வருடமாய் அந்த இளஞ்சிவப்பு நுரையில்
முழங்கைவரை கழுவியிருக்கிறேன்.
அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.
அது காப்பாற்றியவர்களுக்குப் பட்டியல் கிடையாது,
சீழ் பிடிக்காத காயத்தை யார் எண்ணுவார்கள்?
ஆனாலும் பாட்டிலை இப்போது
பழக்கமான நாயைப் பார்ப்பதுபோல் பார்க்கிறேன்,
ஒருமுறை கடித்துவிட்ட நாயை.

மார்ச்சில் மறுபடி வந்தார்.
மணிக்கட்டில் சிவப்புப் பட்டை,
கதவில் ரிக்கெயின் கோணல் எழுத்தில் எச்சரிக்கை.
முழங்காலுக்கு அயோடின், தேநீர்க் கறைபோல்.
இளஞ்சிவப்பு பாட்டில்களை எல்லாம் தாழ்வாரத்துக்கு ஏற்றியிருந்தோம்.
அவரைத் தொடும்முன் நான் வெறும் சோப்பில் கைகழுவினேன்,
வாசனையே இல்லாத வெள்ளைச் சோப்பு.

சர்ஜன் கத்தியை வாங்கினார்.
"நூற்றிருபத்தெட்டு" என்று படித்தேன்.
"நூற்றிருபத்தாறு."
"நூற்றிருபத்தொன்பது."
சர்ஜன் தலை நிமிராமல் சொன்னார்,
எங்களுக்குக் காது கேட்கிறது, பிர்கித்தெ.