கால் கிலோ கவலை

சிப்காட் எடைமேடையில் எனக்கு வேலை.
சரக்கோடு வரும் லாரியை ஒருமுறை நிறுப்பேன்.
இறக்கிவிட்டுத் திரும்பும்போது இன்னொருமுறை.
கழித்தால் வருவது சரக்கு.
இருபத்திரண்டு வருஷமாகக்
கழித்தல் கணக்கில்தான் பிழைப்பு.

மாற்றலாகி ஓசூர் போன லூர்துநாதன்
மூடிய கூடை ஒன்றை என் மேசையில் வைத்து
"பூனைதான் சார். நாலு மாசம். பேரு மோக்கா" என்றான்.
உள்ளிருந்து ஒரு சின்னக் கோபம் கேட்டது.

கூடவே ஒரு சீட்டு.
மண் தட்டு, மண், அள்ளும் கரண்டி.
தண்ணீர்க் கிண்ணம், தீனிக் கிண்ணம் (ஒட்டி வைக்காதீங்க).
பால் கூடாது.
பிறாண்ட ஏதாவது.
ஜன்னலுக்கு வலை.
அடியில், கோணல் எழுத்தில்:
'முதல் ரெண்டு நாள் தேடாதீங்க.'

மண்ணுக்கெல்லாமா காசு என்று
தேவனாம்பட்டினத்தில் ஒரு சாக்கு அள்ளி வந்தேன்.
தட்டில் கொட்டியதும் ஒரு நண்டு எழுந்து
ஹாலைக் கடந்து போனது.
மறுநாள் கடையில் ஐந்து கிலோ பை,
நான் தின்னும் பொன்னியைவிட விலை.
தோளில் சுமந்து மாடியேறும்போது
எதிரே வந்த வீட்டுக்காரரிடம்
"சிமென்ட்" என்றேன்.

வலைக்குச் செலவில்லை.
துறைமுகத்தில் பாவாடை அண்ணன்
பழசில் ஒரு துண்டு வெட்டித் தந்தார்.
எதைப் பிடிக்க என்று கேட்டார்.
பிடிக்க இல்லை,
விழாமல் இருக்க என்றேன்.

அதுவோ
பீரோவுக்கு அடியில் போனது போனதுதான்.
பொட்டலத் தீனி கிண்ணத்திலேயே நமுத்தது.
முட்டிபோட்டு டார்ச் அடித்தால்
இரண்டு பச்சைப் பொட்டு.
போனில் டாக்டர் சொன்னார்:
"நாய் பட்டினி தாங்கும், பூனை தாங்காது.
ஈரல் கெட்டுடும்.
நாளைக்குள்ள தின்னலைன்னா தூக்கிட்டு வந்துடுங்க."

நான் வடலூர்ப் பக்கம். பிறந்ததிலிருந்து சைவம்.
முதுநகர் மார்க்கெட்டில்
வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து நின்றவனை
அஞ்சலாட்சி ஏற இறங்கப் பார்த்தாள்.
"பூனைக்கு" என்றேன்.
"அப்போ கவலை வாங்கிக்க.
அவிச்சு, முள்ளு எடுத்து வை.
உப்பு வேணாம், மஞ்சள் வேணாம், ஒண்ணும் வேணாம்."
"எவ்வளவு வாங்கணும்?"
"புதுசா வளக்குற.
கால் கிலோ கவலை போதும்."

மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு அவித்தேன்.
அரிசியில் கல் பொறுக்கிய விரலுக்கு
முள் கிடைத்துக்கொண்டே இருந்தது,
மயிரிழை போல,
இனி இல்லை என்று நினைத்த இடத்தில் இன்னொன்று.

நள்ளிரவு தாண்டிக் கரண்ட் போனது.
விசிறி நின்ற அமைதியில்
பீரோ பக்கமிருந்து
சப்.
சப்.
நிறுத்தம்.
சப்.
புரண்டால் கட்டில் கிரீச்சிடும் என்று
முழங்காலில் உட்கார்ந்த கொசுவை
நான் அப்படியே விட்டேன்.
அதுவும் நிதானமாகத் தின்றது.

இப்போது கட்டிலின் ஒரு காலில் தேங்காய்க் கயிறு சுற்றியிருக்கிறேன்.
அது மற்ற மூன்று கால்களையும் பிறாண்டுகிறது.
தலைவலி மாத்திரையைப் பூட்டி வைக்கிறேன்,
அதற்கு அது விஷமாம்.
வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிட்டது.
வாடகை வாங்க வந்தவர்
"சிமென்ட் எங்கே?" என்றுதான் விசாரித்தார்.

தடுப்பூசிக்குத் தேதி கொடுத்த டாக்டர்
பூச்சி மருந்துக்கு எடை கேட்டார்.
தராசில் அது தனியே நிற்காது.
தூக்கிக்கொண்டு ஏறினேன்: அறுபத்தேழு நானூறு.
இறக்கிவிட்டு ஏறினேன்: அறுபத்தைந்து அறுநூறு.
ஒரு கிலோ எண்ணூறு.
பழக்கதோஷத்தில் சீட்டில் அதன்படியே எழுதிவிட்டேன்,
மேலே, நிறை வண்டி.
கீழே, என் எடைக்கு நேராக,
வெறும் வண்டி.

டாக்டர் படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.
கூடைக்குள்ளிருந்து
அதே சின்னக் கோபம்.